உள்ளம் ஆய்ந்த வங்க மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ்

வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் பெயரைக் கேள்வியுறாத இலக்கிய மாணவர் மிகச் சிலரே இருப்பர். ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுதியமைக்காகச் சிறை புகுந்தவர் அவர். இறைவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் போற்றும் இசைப்பாடல்களை எழுதிய அதே கையால் காளியைப் பாடும் சியாமா சங்கீதத்தையும் எழுதியவர். அத்தகைய பெரும் பாவலரின் நா, 1942-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், கல்கத்தா வானொலி நிலையத்தில் திடீரெனக் குழறியது. அப்போது அவருக்கு வயது 43. நோய் நாளுக்கு நாள் முற்றிப் பேச்சையும் நினைவையும் பறித்துக்கொண்டது. ஓமியோபதி பார்த்தனர், ஆயுர்வேதம் பார்த்தனர், பயன் விளையவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் கவிஞர் கல்கத்தாவின் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நான்கு திங்கள் அங்கு அவருக்கு மருத்துவம் பார்த்தவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். கவிஞரை அறிந்த நாம் அம்மருத்துவரை அறிந்தோமில்லை. இந்திய நாட்டில் உளவியல் என்னும் துறை வேரூன்றக் காரணமாயிருந்தோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க அப்பெருமகனாரின் வாழ்வை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

கிரீந்திரசேகர் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் சந்திரசேகர் போஸ், தர்பங்கா மன்னரிடம் திவானாகப் பணியாற்றியவர். பிள்ளைகள் ஒன்பதின்மருள் இவரே இளையவர். தமையனார் ராஜசேகர் போஸோ பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க மக்களைச் சிரிக்க வைத்தவர், சலந்திகா என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவர், தொழிலால் வேதியியலறிஞர். அறிவியலும் மொழியும் ஒரே கூரையின் கீழ்க் கூடி வாழ்ந்த இல்லம் அஃது. அண்ணன் தம்பி இருவரையும் பிரித்து எழுதுதல் இயலாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இளமையில் கிரீந்திரருக்குக் கண்கட்டு வித்தையிலும் மனவசியத்திலும் பெருவிருப்பம் இருந்தது. மருத்துவம் பயிலும் நாளிலேயே மனவசியத்தால் நோய் தீர்க்க முயன்றார். 1910-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கினார். அதே 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள்தான் மற்றொரு வங்கத்துப் பெரியார், அரவிந்தர், பிரெஞ்சிந்திய நகராகிய சந்திரநாகூரிலிருந்து புறப்பட்டு நம் புதுவைக் கரையில் வந்திறங்கினார். ஒருவர் யோகத்தின் வழியிலும் மற்றவர் மருத்துவத்தின் வழியிலும் உள்ளத்தின் ஆழத்தை நாடினர். போஸ் கைக்கொண்ட உளப்பகுப்பாய்வைப் பின்னாளில் அரவிந்தர் தம் கடிதங்களில் கடுமையாகக் குறை கூறினார் என்பதையும் ஈண்டுச் சொல்லிவிடுதல் நேர்மை. மனத்தின் இருண்ட கீழ்த்தளத்தை மட்டும் கண்டு அதுவே மனம் என்று கொள்வது பிழை என்பது அவர் கருத்து.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879-இல் வுண்ட் என்பார் முதல் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதுவரை தத்துவத்தின் ஒரு மூலையில் கிடந்த உளவியல் அன்று தனித்துறையாயிற்று. அதன்பின் 40 ஆண்டுகள் நிறையுமுன்னரே, 1916-இல், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் அத்துறை தோன்றியது. அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை பூண்டார். அவ்வகுப்பில் வந்தமர்ந்த மாணவருள் ஒருவர் நம் போஸ். தொழில் நடத்தும் மருத்துவர். முப்பதை எட்டிய குடும்பத் தலைவர். இளைஞரோடு இளைஞராய் அமர்ந்து படித்து 1917-இல் முதுகலை அறிவியல் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியருமானார். 1921-இல் உள்ளடக்கம் பற்றிய அவரது ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. இந்தியப் பல்கலைக்கழகமொன்று உளவியலில் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் இதுவே என்பர். வேலையில் அமர்ந்தபின் மேற்படிப்பு எதற்கு என்று வினவும் நண்பர்களுக்கு நாம் இவரைச் சுட்டுவதுண்டு.

உள்ளடக்கம் என்ற சொல்லைச் சற்றே விளக்க வேண்டும். நமக்குப் பொருந்தாதென நாமே வெறுக்கும் விருப்பங்கள் அழிந்துபோவதில்லை, நனவிலிக்குள் அமிழ்த்தப்படுகின்றன, அங்கிருந்து கனவாகவும் நோயாகவும் தலைகாட்டுகின்றன. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு வகுத்த கோட்பாடு இது. ஃபிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் அரிதாகவே கிடைத்த காலத்தில், தம் நோயாளிகளை நேரிற் கண்டு ஆராய்ந்த போஸ், ஏறத்தாழ அதே முடிவுகளைத் தாமே எட்டியிருந்தார். பின்னர் ஃபிராய்டின் நூல்களைக் கண்டபோது, தாம் நடந்த வழியில் ஒருவர் முன்னரே நடந்திருத்தலை உணர்ந்தார். அச்சில் வந்த தம் ஆய்வேட்டை வியன்னாவுக்கு அனுப்பினார். 1921 மே திங்களில் ஃபிராய்டின் மறுமொழி வந்தது. நூலின் முதன்மையான கருத்துகள் சரியானவையே என்று ஒப்பிய அவ்வறிஞர், தொலைதூர நாடொன்றில் தம் கொள்கை இத்துணை மதிக்கப்படுதல் கண்டு தமக்கேற்பட்ட வியப்பையும் தெரிவித்திருந்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்தாரில்லை.

1922 ஜனவரித் திங்கள் கல்கத்தாவுக்கு இருவகையில் சிறப்புடையது. அத்திங்களின் முதல் வாரத்தில் நஸ்ருலின் பித்ரோகி என்னும் கவிதை அச்சேறி நகரையே உலுக்கியது. அத்திங்களிலேயே, 22-ஆம் நாள், போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். தொடக்க உறுப்பினர் பதினைவர். பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர். சிலர் இராணுவ மருத்துவத்துறையினர். பார்சிபாகான் சந்து, 14-ஆம் எண்ணுள்ள போஸின் இல்லமே சங்கத்தின் இருப்பிடமாயிற்று. ஃபிராய்டின் உலகச் சங்கம் அதனைக் கிளையாக ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சு மொழியும் பண்பாடும் பழகிய நம் புதுவையார் ஒரு செய்தியைக் கருத வேண்டும். ஃபிராய்டு தம் இளமையில், 1885-இல், பாடம் கேட்கச் சென்றது பாரீசு நகரின் ஷார்க்கோ என்னும் மருத்துவரிடம். அப்பாரீசு நகரில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தோன்றியதோ 1926-இல். கல்கத்தா நான்கு ஆண்டு முந்திக்கொண்டது.

சங்கம் பிறக்குமுன்பே அவ்வில்லத்தில் மாலைதோறும் நண்பர் குழு ஒன்று கூடிவந்தது. உத்கேந்திர சமிதி என்று அதற்குப் பெயர். மையத்திலிருந்து விலகியோர் கழகம் என்று பொருள் கொள்ளலாம். கிறுக்கர் கழகம் என்றாலும் அவர்கள் சினவார். தேநீரும் சதுரங்கமும் இலக்கியமும் அறிவியலும் அங்கு ஒன்றாய்க் கலந்தன. பரசுராமின் கதைகளுக்குப் படம் வரைந்த ஓவியர் ஜதீந்திரகுமார் சென்னும் அக்குழுவினரே. ஃபிராய்டின் முகத்தைக் காணாமலே, அவர் எழுத்துகளைக் கொண்டு கற்பனையால் ஓர் உருவத்தை அவர் வரைந்தார். போஸ் அதனை வியன்னாவுக்கு அனுப்பிவைத்தார். தம்மை முழு ஆங்கிலேயராக ஆக்கிவிட்டதாக ஃபிராய்டு தோழி ஒருவருக்கு வேடிக்கையாக எழுதினார். ஆளப்படும் நாட்டினர்க்கு ஐரோப்பிய அறிஞர் எவராயினும் ஆங்கிலேயர் முகமாகவே தோன்றினார் போலும்!

முகத்தை அவ்வாறு கற்பனை செய்தாரேனும், கொள்கையில் போஸ் எவர்க்கும் அடிமைப்பட்டாரல்லர். நம் மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு நேர்மாறான விருப்பமும் இரட்டையாகவே பிறக்கிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்க விரும்பும் உள்ளத்தின் அடியில் அடிபடும் விருப்பமும் உறங்குகிறது. ஒன்று மேலே வருங்கால் மற்றது கீழே அமிழ்கிறது. பள்ளியில் பிரம்படி பட்டு வந்த சிறுவன் மாலையில் திண்ணைத் தூண்களை மாணாக்கராக்கித் தானே பிரம்பெடுத்து அடித்து விளையாடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பட்டதைச் செய்து பார்க்கும் அவ்விளையாட்டில் போஸின் கோட்பாடு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். ஃபிராய்டின் கருத்துப்படி, விருப்பத்தை அமிழ்த்தத் தூண்டுவது வெளியிலிருந்து வரும் அச்சம். தந்தையின் சினமும் சமூகத்தின் தடையுமே அதற்குக் காரணம். போஸின் கருத்துப்படியோ, அமிழ்த்தும் விசை மனத்தின் உள்ளேயே, எதிர் விருப்பத்தின் வடிவில் இருக்கிறது. ஆதலின் நோயாளியை எதிராளியின் இடத்தில் மாறி மாறி வைத்து எண்ணச் செய்வதே இவர் மருத்துவ முறையாயிற்று. ஐரோப்பிய நோயாளரிடத்து ஃபிராய்டு கண்ட தந்தையச்சம் தம் நாட்டு நோயாளரிடத்து அத்துணை வலிமையாகக் காணப்படவில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார்.

1929-இல் தம் கட்டுரைகள் பதின்மூன்றைத் தொகுத்து ஃபிராய்டுக்கு அனுப்பிக் கருத்து வேண்டினார். ஃபிராய்டு மரியாதையோடு விடையளித்தார். எதிர் விருப்பத்தைத் தம்மவர் போதிய அளவு கருதவில்லை என்பதையும் ஒப்பினார். ஆயினும் அக்கோட்பாடு ஆழமின்றித் தட்டையாகத் தமக்குத் தோன்றுவதாகக் குறித்தார். போஸ் தம் கருத்தைக் கைவிடவில்லை, உறவையும் முறிக்கவில்லை. 1931-இல் ஃபிராய்டின் 75-ஆம் பிறந்த நாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிற்பம் ஒன்றைச் சங்கத்தின் சார்பில் அனுப்பினார். திருவிதாங்கூர்ச் சிலையொன்றை ஒட்டிச் செய்யப்பட்டது அது. ஃபிராய்டு அதனைத் தம் எழுது மேசையின் மீது வைத்துக்கொண்டார். வியன்னாவின் குளிரில் தந்தமும் மரமும் வெடிப்புற்றன. வங்கத்து வெப்பத்தில் பழகிய தெய்வத்துக்கு இவ்வூர்த் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஐரோப்பாவிலிருந்து இங்கு வந்த கோட்பாட்டுக்கும் அதே வினா பொருந்தும்தானே! அதைத்தான் போஸ் முப்பதாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இக்கல்வி ஆளும் இனத்தாரின் கையில் ஆயுதமாகவும் ஆனதுண்டு. சங்க உறுப்பினரும் ராஞ்சி ஐரோப்பியர் மனநல மருத்துவமனையின் தலைவருமான பெர்க்லி-ஹில் என்னும் ஆங்கிலேயர், 1921-இல் இந்துக்களின் சமயத்தையும் குணத்தையும் இழித்துரைக்கும் கட்டுரையொன்றை உளப்பகுப்பாய்வின் பெயரால் வெளியிட்டார். அத்தகையோரும் உடனிருந்த அவையில், வேட்டியும் நீள் சட்டையும் அணிந்து, நோயாளிகளைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, வங்க மொழியில் அவர்தம் குறை கேட்டுவந்தார் போஸ். எழுத்திலும் தாய்மொழியை அவர் ஒதுக்கவில்லை. ஸ்வப்ன என்ற தலைப்பில் கனவு பற்றிய வங்க நூலை 1928-இல் வெளியிட்டார். புராணங்களின் கால வரிசையை ஆராயும் புராணப் பிரவேசம் 1934-இல் வந்தது. யோக சூத்திரத்துக்கும் கீதைக்கும் உளவியல் நோக்கில் விளக்கம் எழுதினார். கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தார். இவற்றினும் நமக்குச் சுவையாகப் படுவது, சிவப்பெறும்புக்கும் கட்டெறும்புக்கும் மூண்ட போரைச் சிறுவர்க்குக் கதையாகச் சொல்லும் லால் காலோ என்னும் நூல். எட்டு வகை மெய்ப்பாடுகளை வகுத்து, அகத்தில் எழுவது உடலில் தோன்றுமாற்றைத் தொல்காப்பியர் இயலொன்றால் உரைத்த மொழி நம்முடையது. நம் மாணவரோ உளநோயாளரைக் குறிக்கச் சைக்கோ என்ற ஒரே வசைச்சொல்லை வைத்துக்கொண்டிருக்கின்றனர். திரைப்படத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி மருத்துவப் பணியைக் காண்போம். 1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் போஸ் உளநோய்ப் புறநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கினார். பொது மருத்துவமனையில் இத்தகைய பிரிவு அமைந்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. இதன் அருமை எளிதில் விளங்காது. அதற்கு முன்பு உளநோய் என்றால் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் உடைய காப்பகமே கதி. காய்ச்சலுக்கும் கண்ணோவுக்கும் வருவோர் வரும் அதே வாயிலில் மனக்குறை உடையாரும் வந்து செல்லலாம் என்ற நிலையை அப்பிரிவு உண்டாக்கியது. 1823-இல் பிரெஞ்சியர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நம் ஜிப்மரிலும் இன்று அதே முறையில் உளநோய்க்கு மருத்துவம் பெறுகிறோம். 1940-இல் சங்கத்தின் சார்பில் லும்பினி பார்க் மருத்துவமனை தில்ஜலா பகுதியில் தொடங்கப்பட்டது. நிலமும் வீடும் கொடுத்தவர் தமையனார் ராஜசேகர். அகராதி தொகுத்த கை மருத்துவமனைக்கும் இடம் தந்தது. 1947-இல் சமீக்ஷா என்னும் ஆய்விதழும் சங்கத்திலிருந்து வெளிவரலாயிற்று.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோரிடம் சில சொற்கள் கூறப் பணிவுடன் விழைகிறோம். உளநோயை மருத்துவத்தால் தீர்க்க முயல்வது நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருசேர வைத்து ஒரே நூலில் எழுதியவர். டமாஸ்கஸில் 1154-இல் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையும் கெய்ரோவில் 1284-இல் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையும் உளநோயாளரையும் ஏற்றுப் பேணியவை. பிரான்சிலோ 1797-இல்தான் பிசேத்ர் மருத்துவமனையின் காவலர் புய்சேன் உளநோயாளரின் சங்கிலிகளை அகற்றினார். மருத்துவர் பினெல் அவ்வழியைப் பின்பற்றினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றோர் மருந்தை நாட வேண்டுமென்று அறிவுறுத்தியவர்கள். ஆயினும் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் விடுதிக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். எல்லாச் சமயத்தாரும் இருந்த இடம் அது. தர்காவின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையை நாம் குறை கூறவில்லை. அந்நம்பிக்கையைச் சுற்றிச் சங்கிலி விற்றோரைக் குறை கூறுகிறோம். வீட்டில் வைத்துப் பேண வெட்கி அங்கு கொண்டுவிட்ட நம்மையும் குறை கூறுகிறோம். நாம் சிறுவராயிருந்த காலத்தில் நம் குடும்பத்திலேயே பின்கட்டு அறையில் பெரியம்மா ஒருவர் இருந்தார். விருந்தினர் வரும் நாளில் அவ்வறைக் கதவு சாத்தப்படும். அவருக்கு என்ன நோய் என்று எவரும் எந்த மருத்துவரையும் கேட்டதில்லை. கேட்காமலே அவர் மறைந்தும் போனார். இன்று ஏர்வாடி தர்காவிலேயே, துஆவுக்கு வருவோர்க்கு மருந்தும் கிடைக்குமாறு அரசு மருத்துவர் அமர்கின்றனர். உளநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

போஸின் பணியில் குறைகளும் உண்டு. சங்கம் கல்கத்தாவின் படித்த வகுப்பாரைத் தாண்டி நெடுந்தொலைவு சென்றதில்லை. எதிர் விருப்பக் கோட்பாட்டை அவர் மாணவர் சிலர் போற்றினர். உலக உளவியலார் பெரிதும் கண்டுகொள்ளவில்லை. கடலுக்கு அப்பால் ஒப்புதல் கிடைக்காத கோட்பாட்டை நம்மவரும் மறந்துவிடுவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நஸ்ருலையும் அவரால் குணப்படுத்த இயலவில்லை. நான்கு திங்களுக்குப் பின்னும் முன்னேற்றம் காணாது குடும்பத்தார் கவிஞரை வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். பத்தாண்டு கழிந்தது. கவிஞரின் அன்பர்கள் குழுவமைத்துப் பொருள் திரட்டி 1953-இல் அவரை இலண்டனுக்கும் பின்னர் வியன்னாவுக்கும் அனுப்பினர். ஃபிராய்டு நாஜிகளுக்கு அஞ்சி வியன்னாவை நீங்கி அப்போது 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரத்து மருத்துவர் ஹன்ஸ் ஹோஃப் சோதித்துப் பார்த்து, கவிஞரைப் பற்றியிருப்பது பிக் நோய் என்று முடிவு கூறினார். மூளை சிறுகச் சிறுகத் தேய்ந்தழியும் நோய் அது. கனவைக் கேட்டும் நினைவைத் துருவியும் தீர்க்கக்கூடியதன்று, எம்மருந்துக்கும் அப்பாற்பட்டது. கவிஞர் பேச்சிழந்தே வாழ்ந்து 1976 ஆகஸ்டு 29-ஆம் நாள் டாக்காவில் காலமானார். லும்பினி பார்க்கில் தம் முன் அமர்ந்திருந்த நோயாளியை வருத்தியது எந்நோய் என்பதை அறியப் போஸ் உயிருடன் இல்லை. வியன்னாவின் முடிவு வெளிவருவதற்கு ஆறு திங்கள் முன்னர், 1953 ஜூன் 3-ஆம் நாள், அவர் மறைந்திருந்தார்.